நூறு ரூபாய்ப் பொருளை நூற்றிருபதுக்கு வாங்குவது

பங்குகளைப் போலவே பங்குச்சந்தையில் வாங்கி விற்கப்படும் நிதிகளை இன்று எல்லாரும் இ.டி.எஃப் என்றே சொல்கிறோம். பெரிய பணம் இல்லாத, பிழைப்புக்கு வேறு தொழில் உள்ள ஒருவர் இவற்றை எப்படி ஆராய்ந்து வாங்குவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இதைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை ஒரே வரியில் அடங்கிவிடும்: செலவு குறைவு, ஆகவே வாங்கலாம். செலவு குறைவு என்பதில் ஐயமில்லை. நிஃப்டி 50 குறியீட்டைப் பின்தொடரும் பெரிய இ.டி.எஃப்களின் ஆண்டுச் செலவு 0.05 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. லட்ச ரூபாய் போட்டவருக்கு வருடத்துக்கு ஐம்பது ரூபாய். ஆனால் அதே லட்ச ரூபாய்க்கு வாங்குகிறவர், உண்மை மதிப்பைவிட ஒரு சதவீதம் கூடுதலாகக் கொடுத்து வாங்கி, பிறகொரு நாள் ஒரு சதவீதம் குறைவாக விற்றால் இரண்டாயிரம் ரூபாய் போய்விடுகிறது. நாற்பது ஆண்டுக்கான செலவு இரண்டே பரிவர்த்தனைகளில் தீர்ந்துவிட்டது. இ.டி.எஃப் ஆராய்ச்சி என்ற பெயரில் நாம் செய்வதெல்லாம் அந்த ஐம்பது ரூபாயைப் பற்றித்தான். இரண்டாயிரத்தைப் பற்றிக் கேட்பவர் அரிது. விலைக்கும் மதிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் சிறு முதலீட்டாளர் முதலில் பார்க்க வேண்டும், அதைப் பார்க்க நேரமோ மனமோ இல்லாதவர் இ.டி.எஃப்பை விட்டுவிட்டு, குறியீட்டைப் பின்தொடரும் சாதாரண மியூச்சுவல் ஃபண்டான இண்டெக்ஸ் ஃபண்டை வாங்கலாம் என்பது என் கட்சி. அதற்கான சான்றுகளையும், எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் வரிசையாக உங்கள் முன் வைக்கிறேன்.

வரலாறு சுருக்கமானது. குறியீட்டை அப்படியே பின்தொடரும் நிதியைச் சாதாரண மக்களுக்கு முதன்முதலில் விற்றவர் அமெரிக்காவின் ஜான் போகிள், ஆண்டு 1976. பதினைந்து கோடி டாலர் திரட்ட நினைத்தார், கிடைத்தது ஒரு கோடியே பத்து லட்சம் டாலரை ஒட்டித்தான். அந்த நிதியை நாள் முழுக்கச் சந்தையில் வாங்கி விற்கலாம் என்ற யோசனையோடு அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சைச் சேர்ந்த நேதன் மோஸ்ட் பின்னாளில் போகிளிடம் போனார். போகிள் மறுத்துவிட்டார். ஒருமுறை வாங்கி வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய பொருளை நிமிடத்துக்கு நிமிடம் விற்கும் வசதி முதலீட்டாளரைக் கெடுக்கும் என்பது அவர் எண்ணம். மோஸ்ட் வேறு நிறுவனத்தோடு சேர்ந்துகொண்டார். எஸ் அண்ட் பி 500 குறியீட்டுக்கான இ.டி.எஃப் 1993 ஜனவரியில் அமெரிக்காவில் வந்தது. கனடாவின் டொராண்டோ சந்தை அதற்கும் முன்பே, 1990-ல், இதைச் செய்துவிட்டது. இந்தியாவுக்கு 2001 டிசம்பரில் பெஞ்ச்மார்க் நிறுவனம் நிஃப்டி பீஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. கை மாறிக் கை மாறி இன்று அது நிப்பான் இந்தியா வசம் இருக்கிறது. போகிளின் மறுப்பைப் பழமைவாதம் என்று அன்று பலர் ஒதுக்கினார்கள். அவர் சொன்னதில் பாதி சரி என்பது இப்போது தெரிகிறது. மறுபாதியில் அவர் கவனிக்காமல் விட்டதும் ஒன்று உண்டு: வாங்கி விற்கும் ஆசை ஒரு புறமிருக்க, வாங்கும் விலையே பொய்யாக இருக்கலாம்.

எப்படிப் பொய்யாகும்? சாதாரண மியூச்சுவல் ஃபண்டில் நாம் பணத்தைக் கட்டினால், அன்றைய மாலையில் கணக்கிடும் நிகரச் சொத்து மதிப்பில், அதாவது என்ஏவி விலையில், யூனிட் கிடைக்கும். அதில் பேரத்துக்கு இடமில்லை. இ.டி.எஃப்பில் நாம் யூனிட்டை வாங்குவது நிதி நிறுவனத்திடமிருந்து அன்று. அதை ஏற்கெனவே வைத்திருக்கும் இன்னொருவரிடமிருந்து. அவர் சொல்லும் விலைதான் விலை. அந்த விலை மதிப்பை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. மார்க்கெட் மேக்கர் எனப்படும் பெரிய வியாபாரிகள், குறியீட்டில் உள்ள பங்குகளை உரிய அளவில் வாங்கி நிதி நிறுவனத்திடம் கொடுத்துப் புதிய யூனிட்களைப் பெறலாம். யூனிட்களைத் திருப்பிக் கொடுத்துப் பங்குகளை மீட்கவும் செய்யலாம். சந்தையில் யூனிட்டின் விலை ஏறிவிட்டால் அவர்கள் புதிதாக உண்டாக்கி விற்பார்கள், விலை இறங்கும். விலை சரிந்துவிட்டால் வாங்கி மீட்பார்கள், விலை ஏறும். லாபம் அவர்களுக்கு, நியாய விலை நமக்கு. ஒவ்வொரு இ.டி.எஃப்புக்கும் இப்படிக் குறைந்தது இருவர் இருக்க வேண்டும் என்று 2022 மே மாதச் சுற்றறிக்கையில் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி விதித்தது. பங்கு சார்ந்த இ.டி.எஃப்களின் நடப்பு மதிப்பை, ஐ-என்ஏவி என்ற பெயரில், பதினைந்து நொடிக்கு மேல் தாமதமில்லாமல் வெளியிட வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. கடையில் வாங்கும் எண்ணெய்ப் புட்டியில் எம்ஆர்பி அச்சிட்டிருப்பதைப் போல இ.டி.எஃப்புக்கும் ஒரு விலை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இங்கே அது புட்டியின் மேல் இல்லை, நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கிறது. கடைக்காரர் அதற்கு மேல் கேட்டாலும் குற்றமில்லை.

இந்த ஏற்பாடு வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள் உண்டு. புதிய யூனிட் உண்டாக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் சரக்கு அந்த நேரத்தில் வாங்கக் கிடைக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் விலை தன் போக்கில் போகும். முதல் நிபந்தனை தவறியதற்கு நம் நாட்டிலேயே தெளிவான சான்று இருக்கிறது. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் 700 கோடி டாலர் வரைதான் போடலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு. 2022 தொடக்கத்தில் அந்த வரம்பை நெருங்கியதும் புதுப் பணம் வாங்குவதைச் செபி நிறுத்தச் சொன்னது. பிறகு சிறு சிறு இடைவெளிகளில் மட்டுமே கதவு திறந்தது. ஆனால் அமெரிக்காவின் நாஸ்டாக் 100 போன்ற குறியீடுகளைப் பின்தொடரும் இ.டி.எஃப்கள் மும்பைச் சந்தையில் தினமும் வாங்கி விற்கப்பட்டுக்கொண்டே இருந்தன. ஆசை வளர்ந்தது, யூனிட் எண்ணிக்கை வளரவில்லை. விளைவு, 2024, 2025 ஆண்டுகளில் இப்படிப்பட்ட இ.டி.எஃப்கள் உண்மை மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல், சில வேளை இருபது சதவீதம் வரைகூட அதிக விலைக்குக் கைமாறின. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு ரூபாய் மதிப்புள்ள யூனிட்டை ஒருவர் நூற்றிருபதுக்கு வாங்குகிறார். ஐந்து ஆண்டில் உள்ளே இருக்கும் பங்குகள் ஐம்பது சதவீதம் ஏறி, யூனிட்டின் மதிப்பு நூற்றைம்பது ஆகிறது. இதற்கிடையில் கதவு திறந்து, கூடுதல் விலை கரைந்துவிட்டது. அமெரிக்காவில் ஐம்பது சதவீதம் ஏறியதில் அவருக்குக் கிடைத்தது இருபத்தைந்து. இத்தனைக்கும் அந்த இ.டி.எஃப் தன் வேலையில் ஒரு பைசா தவறவில்லை. குறியீட்டை ஒழுங்காகவே பின்தொடர்ந்தது. செலவு விகிதத்தையும் கடந்த கால வருமானத்தையும் மட்டும் பார்த்து வாங்கியவருக்கு இது எங்கே நடந்தது என்றே தெரியாது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். நான் விற்கும்போதும் அதே இருபது சதவீதம் கூடுதல் விலை கிடைத்தால் என்ன நஷ்டம்? கணக்குப்படி நஷ்டமில்லைதான். ஆனால் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டவர் எதை வாங்கியிருக்கிறார் என்று யோசிக்க வேண்டும். அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்களின் லாபத்தில் பங்கு வாங்கியதாக அவர் நினைக்கிறார். அவர் போட்ட நூற்றிருபது ரூபாயில் இருபது ரூபாய் அந்த நிறுவனங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றின் மேல் வைத்த பணம்: உச்சவரம்பு உயராது, கதவு மூடியே இருக்கும் என்பதன் மேல். ரிசர்வ் வங்கி ஒரு மாலையில் வெளியிடும் ஓர் அறிவிப்பு போதும், அந்த இருபது ரூபாய் மறுநாள் காலையில் இல்லை. வெளிநாட்டுப் பங்கில் முதலீடு செய்வது நல்ல யோசனை என்றே நானும் கருதுகிறேன். இந்த விலையில் அல்ல.

இரண்டாவது நிபந்தனை, அதாவது சரக்கு கிடைப்பது, தவறியதை 2025 அக்டோபரில் வெள்ளியில் பார்த்தோம். வெள்ளி இ.டி.எஃப்களுக்குச் செபி அனுமதி கொடுத்தது 2021 நவம்பரில்தான். நான்கே ஆண்டில் உலகச் சந்தையில் வெள்ளி ஓர் அவுன்ஸ் 50 டாலரைத் தாண்டியது, இங்கே தீபாவளி நெருங்கியது, நாட்டுக்குள் கட்டிவெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. இ.டி.எஃப்பின் மதிப்பை அப்போது லண்டன் விலையோடு சுங்க வரியைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஆனால் லண்டன் விலைக்கு இங்கே வெள்ளி கிடைக்கவில்லை. மார்க்கெட் மேக்கருக்கே சரக்கு கிடைக்காதபோது அவர் எதைக் கொடுத்து யூனிட் உண்டாக்குவார்? யூனிட் விலை மதிப்பைவிடப் பத்து சதவீதத்தை ஒட்டி எகிறியது. சில நிதி நிறுவனங்கள், வெள்ளி இ.டி.எஃப்பை வாங்கிச் சேர்க்கும் தங்கள் ஃபண்டுகளில் மொத்தமாகப் பணம் போடுவதையே நிறுத்தி வைத்தன. வருகிற பணத்தை வேண்டாம் என்று ஒரு நிதி நிறுவனம் சொன்னால் அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறென்ன இருக்க முடியும்? இருந்தும் சந்தையில் வாங்கிக் குவித்தவர்கள் குறையவில்லை. தீபாவளி முடிந்தது, வெள்ளி விலை சரிந்தது, கூடுதல் விலையும் அதோடு கரைந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் வெள்ளியின் சரிவைவிடக் கூடுதலாகவே இழந்தார்கள்.

இதெல்லாம் வளராத சந்தையின் கோளாறு, அமெரிக்காவில் இப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2015 ஆகஸ்ட் 24 காலை நியூயார்க்கில் சந்தை திறந்தபோது பல பங்குகளுக்கு விலையே நிர்ணயமாகவில்லை. உள்ளே இருக்கும் பங்கின் விலை தெரியாமல் இ.டி.எஃப்புக்கு எப்படி விலை சொல்வது? மார்க்கெட் மேக்கர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். எஸ் அண்ட் பி 500 குறியீடு ஐந்து சதவீதம் அளவுக்கு இறங்கிய அந்தக் காலையில், அதே குறியீட்டைப் பின்தொடரும் ஒரு பெரிய இ.டி.எஃப் சில நிமிடங்களுக்கு இருபத்தைந்து சதவீதத்துக்கும் மேல் சரிந்து மீண்டது. எந்த விலைக்கானாலும் விற்றுவிடு என்று மார்க்கெட் ஆர்டர் போட்டிருந்தவர்கள் அந்தச் சில நிமிடங்களில் மாட்டிக்கொண்டார்கள். விலையைக் குறிப்பிட்டு லிமிட் ஆர்டர் போட்டிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் விதிவிலக்கே வேண்டாம் என்கிறேன்: இ.டி.எஃப்பை லிமிட் ஆர்டரில் மட்டுமே வாங்குங்கள், விற்கவும் செய்யுங்கள். சந்தை திறந்த முதல் கால் மணி நேரம் ஒதுங்கியிருப்பதும் நல்லது.

இனி வலுவான மறுப்புக்கு வருகிறேன். வெளிநாடு, வெள்ளி, ஏதோ ஒரு நாள் காலை என்று ஓரங்களில் இருப்பதையெல்லாம் எடுத்துக்காட்டிப் பயமுறுத்துகிறீர்கள், நிஃப்டி இ.டி.எஃப் வாங்குகிற ஒருவருக்கு இந்தப் பிரச்சினை எதுவும் இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிஃப்டியில் உள்ள ஐம்பது பங்குகளும் நாட்டிலேயே அதிகம் கைமாறும் பங்குகள். அவை விற்பனையாகும் அதே நேரத்தில்தான் இ.டி.எஃப்பும் விற்பனையாகிறது, யூனிட் உண்டாக்கும் கதவும் திறந்தே இருக்கிறது. அங்கே இடைவெளி பெரும்பாலும் பைசாக் கணக்கில் முடிந்துவிடும். ஆனால் அது எந்த நிஃப்டி இ.டி.எஃப் என்று பார்க்க வேண்டும். ஒரே குறியீட்டுக்கு ஏறக்குறைய எல்லா நிதி நிறுவனமும் ஓர் இ.டி.எஃப் வைத்திருக்கிறது. சிலவற்றில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான யூனிட் கைமாறும். சிலவற்றில் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். வாங்குபவர் கேட்கும் விலைக்கும் விற்பவர் சொல்லும் விலைக்கும் நடுவே ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் என்று பள்ளம் விழுந்திருக்கும். அப்படியானால் சொத்து அதிகம் உள்ள இ.டி.எஃப்பாகப் பார்த்து வாங்கலாம் என்று பலர் முடிவு செய்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனமான இபிஎஃப்ஓ 2015 ஆகஸ்டிலிருந்து தனக்கு வரும் புதுப் பணத்தில் ஒரு பகுதியை இ.டி.எஃப்களில் போடுகிறது. ஐந்து சதவீதத்தில் தொடங்கிய அது பின்னர் பதினைந்துக்கு உயர்ந்தது. எஸ்பிஐயின் நிஃப்டி இ.டி.எஃப் நாட்டிலேயே மிகப் பெரியதாக வளர்ந்தது முதன்மையாக இந்தப் பணத்தால்தான். அந்தப் பணம் சந்தைத் திரையில் நம்மோடு போட்டி போட்டு வாங்கி விற்கும் பணம் அல்ல. அன்றாடம் கைமாறும் அளவில் முன்னால் நிற்பது பழைய நிஃப்டி பீஸ்தான். எனவே சொத்தின் அளவைக் கடந்து, தினசரி எத்தனை கோடி ரூபாய்க்குக் கைமாறுகிறது என்பதையும் இரு பக்க விலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தையும் பாருங்கள். இரண்டும் தேசியப் பங்குச்சந்தையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய விவரங்கள்.

இடைவெளியைப் பார்த்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி வரவேண்டும். இ.டி.எஃப் என்றாலே பரவலான முதலீடு, ஆபத்து குறைவு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. 2014 மார்ச்சில் மத்திய அரசு தன் நிறுவனங்களின் பங்குகளை விற்பதற்காகச் சிபிஎஸ்இ இ.டி.எஃப் ஒன்றைக் கொண்டுவந்து, சிறு முதலீட்டாளருக்கு ஐந்து சதவீதத் தள்ளுபடியும் கொடுத்தது. அதன் கூடையில் பத்து நிறுவனங்கள். ஓஎன்ஜிசி, கோல் இந்தியா, கெயில், இந்தியன் ஆயில், ஆயில் இந்தியா என்று பாதி எண்ணெயும் எரிவாயுவும் நிலக்கரியும். பெயர்கள் பத்து, பாதிக்குத் தொழில் ஏறக்குறைய ஒன்றுதான், முதலாளி எல்லாவற்றுக்கும் ஒருவரே. 2020 வரை அது கிட்டத்தட்ட கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் பல மடங்கு ஏறியது. ஏறியதா இறங்கியதா என்பது இங்கே கேள்வி அல்ல. பொதுத்துறை மீது நம்பிக்கை வைத்துத் தெரிந்தே வாங்கியவருக்கு அது சரியான பொருள். பரவலாகப் போடுகிறோம் என்று நினைத்து வாங்கியவர் தான் வாங்கியதையே அறியாதவர். அந்தக் கூடையை அமைத்தது விற்பவரின் தேவை என்பதையும் மறக்கக்கூடாது. செபி 2019-ல் கொண்டுவந்த விதிப்படி இ.டி.எஃப்பின் குறியீட்டில் குறைந்தது பத்துப் பங்குகள் இருக்க வேண்டும், எந்த ஒரு பங்கும் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, துறை சார்ந்ததானால் 35 சதவீதம் வரை போகலாம். துறை இ.டி.எஃப்பில் மூன்றில் ஒரு பங்குப் பணம் ஒரே நிறுவனத்தில் இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்று இதைத் திருப்பிப் போட்டும் படிக்கலாம்.

இப்போது வரும் இ.டி.எஃப்களில் பல இப்படித் துறையோ கருப்பொருளோ சார்ந்தவை: பாதுகாப்புத் துறை, மின்வாகனம், உற்பத்தி. ஒரு துறை ஏறி முடிக்கிற சமயத்தில்தான் அதற்கான இ.டி.எஃப்பும் வந்து சேரும். ஏறாத துறைக்கு விளம்பரம் செய்தால் யார் வாங்குவார்கள்? இது வெறும் சந்தேகம் அல்ல. இட்சாக் பென்-டேவிட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நால்வர் அமெரிக்க இ.டி.எஃப்களை ஆராய்ந்து, குறிப்பிட்ட துறையையோ கருப்பொருளையோ பிடித்துக்கொண்டு வருபவை, ஆபத்தைக் கணக்கில் கொண்டு பார்த்தால், தொடங்கிய பிறகான ஆண்டுகளில் வருடத்துக்குச் சுமார் 6 சதவீதம் பின்தங்கின என்று கண்டார்கள். பரபரப்பு உச்சத்தில் இருக்கும்போது, ஏற்கெனவே விலை ஏறிய பங்குகளைக் கொண்டு அவை தொடங்கப்பட்டதே அவர்கள் காட்டிய காரணம். இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது குறியீட்டின் பிறந்த தேதி. நிஃப்டி 200 மொமென்டம் 30 குறியீடு வெளியானது 2020 ஆகஸ்டில். அதன் கணக்கோ 2005 ஏப்ரலிலிருந்து காட்டப்படுகிறது. நடுவில் உள்ள பதினைந்து ஆண்டுகளில் அந்தக் குறியீட்டில் ஒரு ரூபாயும் யாரும் போட்டிருக்க முடியாது. விடை தெரிந்த பிறகு எழுதிய தேர்வில் மதிப்பெண் குறைவாக வர வாய்ப்பில்லை. குறியீடு மோசம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பதினைந்து ஆண்டு வருமானத்தை ஒதுக்கிவிட்டு, வெளியான நாளுக்குப் பின் நடந்ததை மட்டும் பாருங்கள் என்கிறேன்.

நிதி நிறுவனம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்க்க டிராக்கிங் எரர், டிராக்கிங் டிஃபரன்ஸ் என்று இரண்டு எண்கள் தரப்படுகின்றன. பலரும் முதலாவதைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அது குறியீட்டோடு உள்ள விலகல் எவ்வளவு ஊசலாடுகிறது என்பதை மட்டுமே சொல்லும். மாதாமாதம் தவறாமல் ஒரே அளவு பின்தங்குகிற ஃபண்டுக்கு அந்த எண் மிக அழகாக வரும். வருடத்துக்கு எவ்வளவு நம் கையைவிட்டுப் போனது என்பதைச் சொல்வது இரண்டாவது எண்தான். அதை ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு என்று மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்பது விதி. ஒப்பிடும்போது ஈவுத்தொகை சேர்ந்த டிஆர்ஐ குறியீட்டோடு ஒப்பிட வேண்டும். தொலைக்காட்சியில் ஓடுகிற நிஃப்டி எண்ணில் ஈவுத்தொகை இல்லை. அதோடு ஒப்பிட்டால் எந்தச் சோம்பேறி ஃபண்டும் குறியீட்டை வென்றதாகத்தான் தெரியும்.

நம்மூர் வீடுகளில் முதலில் நுழையும் இ.டி.எஃப் தங்கமாகத்தான் இருக்கும் என்பதால் அதையும் தொட்டுச் செல்கிறேன். 2007-ல் இந்தியாவில் தங்க இ.டி.எஃப் வந்தது. நகையாக வாங்கும்போது போகிற செய்கூலி, சேதாரம் இதில் இல்லை, லாக்கரும் வேண்டாம். அரசின் தங்கப் பத்திரம் இருந்தவரை அதற்கு 2.5 சதவீத வட்டியும் கிடைத்தது, முதிர்வு வரை வைத்திருந்தால் வரியும் இல்லை, அதுவே மேலானது. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதுப் பத்திரம் வெளியிடப்படாததால் இ.டி.எஃப்பின் பக்கம் கூட்டம் திரும்பியிருக்கிறது. இங்கே செலவு விகிதம் நிஃப்டி இ.டி.எஃப்பைப் போல நூறு ரூபாய்க்கு ஐந்து பைசாவில் நிற்காது, அரை சதவீதத்தைச் சுற்றி வரும். தங்கம் ஈவுத்தொகை தராது, ஆகவே அந்தச் செலவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கத்தை விற்றுத்தான் எடுப்பார்கள். ஒரு யூனிட்டுக்குப் பின்னால் இருக்கும் தங்கத்தின் எடை வருடா வருடம் நூலளவு தேயும். மகள் கல்யாணத்துக்கு என்று பதினைந்து ஆண்டு சேர்ப்பவர் இந்தத் தேய்மானத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தாலும் நகைச் சீட்டைவிட இது மேல் என்பதே என் முடிவு. நகைதான் வேண்டும் என்பவர் விஷயம் வேறு.

இவ்வளவு பார்த்துத்தான் வாங்க வேண்டுமா என்ற அலுப்பு உங்களுக்கு வந்திருந்தால் அது நியாயமே. அந்த அலுப்புக்கு விடைதான் இண்டெக்ஸ் ஃபண்ட். அதே நிஃப்டி, அதே ஐம்பது பங்குகள். இடைத்தரகர் இல்லாமல் வாங்கும் டைரக்ட் திட்டத்தில் செலவு பெரும்பாலும் 0.1 முதல் 0.3 சதவீதம் வரை. டீமேட் கணக்கு வேண்டாம், தரகு இல்லை, விற்கும் ஒவ்வொரு முறையும் டீமேட் நிறுவனம் பிடிக்கிற கட்டணம் இல்லை, மாதம் ஆயிரம் ரூபாய் எஸ்ஐபி போட்டால் ஆயிரமும் ஏறக்குறைய முழுதாக உள்ளே போகும். எல்லாவற்றையும்விட, வாங்கும் விலையும் மதிப்பும் ஒன்றாகவே இருக்கும். செலவு நான்கு மடங்கு அதிகமாயிற்றே என்று கேட்பவருக்கு ஒரு கணக்கு. 0.05-க்கும் 0.20-க்கும் உள்ள வேறுபாடு லட்ச ரூபாய்க்கு வருடம் நூற்றைம்பது ரூபாய். மாதாமாதம் இ.டி.எஃப் வாங்குகிறவர் ஒவ்வொரு முறையும் கால் சதவீதம் கூடுதல் விலை கொடுத்தால், அப்படிச் சேர்த்த ஒவ்வொரு லட்சத்திலும் இருநூற்றைம்பது ரூபாய் வாங்கும்போதே போய்விடுகிறது. தரகும் கட்டணமும் தனி. இருபது ஆண்டு கைவைக்காமல் வைத்திருக்கப்போகிற, மொத்தமாகப் பெருந்தொகை போடுகிற, திரையில் விலையைப் பார்த்து வாங்கத் தெரிந்த ஒருவருக்கு இ.டி.எஃப் மலிவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படிப்பட்டவர்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. போகிள் பயந்த விஷயமும் இருக்கிறது: ஒரு விரல் தட்டலில் விற்க முடிகிற பொருளை மனிதர்கள் விற்கத்தான் செய்வார்கள். அப்படிப் பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. அதற்குப் பிறகு விற்றால் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் வரை வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். இந்தியப் பங்குகள் சார்ந்த இ.டி.எஃப்களுக்கு 2024 ஜூலையிலிருந்து இதுதான் நிலை.

கடைசி மறுப்பு, குறியீட்டையே நம்பலாமா என்பது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிஃப்டியில்தான் இருந்தது. கணக்கு பொய் என்று 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டார், சில நாளில் அதைக் குறியீட்டிலிருந்து நீக்கினார்கள். யெஸ் வங்கியும் 2020 மார்ச் வரை நிஃப்டியில்தான் இருந்தது. விழுந்த பிறகே குறியீடு விற்கும், விழுந்த விலைக்கே விற்கும். அது உண்மை. திறமையான ஃபண்ட் மேனேஜர் முன்பே வெளியேறியிருக்கலாம். ஆனால் அந்தத் திறமைசாலி யார் என்று முன்கூட்டி நமக்குச் சொல்பவர் இல்லை. பெரிய நிறுவனப் பங்குகளில் மட்டும் போடும் ஃபண்டுகளில் பெரும்பாலானவை நீண்ட காலத்தில் குறியீட்டை எட்டவில்லை என்பதை எஸ் அண்ட் பியின் ஸ்பைவா அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டிவருகின்றன. சிறிய, நடுத்தர நிறுவனங்களில் நிலைமை இவ்வளவு ஒருதலையாக இல்லை. அங்கே மேனேஜருக்கு வேலை இருக்கிறது என்று எனக்கும் தோன்றுகிறது. அந்த நிறுவனங்களின் பங்குகளை வேண்டிய நேரத்தில் வாங்குவதும் விற்பதும் கடினம் என்பதால், அவற்றின் இ.டி.எஃப்களில் முன்பு சொன்ன இடைவெளியும் பெரிதாகும்.

ஏற்கெனவே இ.டி.எஃப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் உரிமை இருப்பது பலருக்குத் தெரியாது. 25 கோடிக்கு மேல் போனால்தான் நிதி நிறுவனத்திடம் நேரடியாக வாங்கி விற்கலாம் என்பது பொது விதி. ஆனால் தொடர்ந்து ஏழு வர்த்தக நாட்கள் இ.டி.எஃப்பின் சந்தை விலை அன்றன்றைய மதிப்பைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்து கிடந்தாலோ, மூன்று நாட்கள் தொடர்ந்து விலை கேட்க ஆளே இல்லாமல் போனாலோ, சிறு முதலீட்டாளரும் நேரே நிதி நிறுவனத்திடம் யூனிட்டைக் கொடுத்து மதிப்பை வாங்கிக்கொள்ளலாம். வெளியேறும் கட்டணமும் இல்லை. விலை குறைந்த இ.டி.எஃப்பை அடிமாட்டு விலைக்குச் சந்தையில் தள்ளிவிடும் முன் இந்த வழி திறந்திருக்கிறதா என்று நிதி நிறுவனத்திடம் கேளுங்கள். கூடுதல் விலை கொடுத்து மாட்டிக்கொண்டவருக்கு இப்படி ஒரு வழி இல்லை. அவர் வாங்குமுன் பார்த்தால்தான் உண்டு.

ஆகவே என் வேண்டுகோள் முதலீட்டாளரிடம் மட்டும் அல்ல. பல தரகுச் செயலிகளில் வாங்கு என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் நேற்றைய விலை இருக்கிறது, ஐம்பத்திரண்டு வார உச்சமும் இருக்கிறது, வண்ண வண்ண வரைபடங்களும் இருக்கின்றன. அந்த நொடியின் ஐ-என்ஏவி இல்லை. பதினைந்து நொடிக்கு ஒருமுறை வெளியாகும் ஓர் எண்ணை ஆர்டர் போடும் திரையில் காட்டுவதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. விலை அந்த மதிப்பைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் போனால் சிவப்பில் ஓர் எச்சரிக்கை வர வேண்டும் என்று செபி கட்டாயமாக்க வேண்டும். அது வரும்வரை, உங்கள் தரகு நிறுவனத்துக்கு இதைக் கேட்டு எழுதுங்கள். ஆர்டர் போடும் முன் நிதி நிறுவனத்தின் தளத்தைத் திறந்து அந்த எண்ணை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.